தலைவர் கதிரை

வேண்டிய சாமானை ஸாலிஹ் முதலாளி நேரே பார்ப்பதில்லை.

விருப்பத்தைக் கண்ணில் காட்டினவன் மடிப்பணத்தை அவிழ்த்துக் காட்டினவன். கொட்டாஞ்சேனையில் பழைய மரம் விற்கும் அவர் குடும்பத்தின் சட்டம் அது.

கெம்பஸில் இடிபடும் மாணவர் யூனியன் கட்டடத்திலும் அப்படித்தான். பலாமரப் படிக்கட்டைத் தடவித் தடவிப் புகழ்ந்தார். இடிப்பு வேலை ஓவசியர் ஒஸ்வால்ட் குளிர்ந்துபோனார்.

பிறகு ஸாலிஹ், மூலையில் கிடந்த உயரமான கதிரையைக் காலால் தட்டினார்.

“இதையும் ஒரு சாமானெண்டு வெச்சீக்கிறீங்களே. அடுப்புக்குத்தான் சரி.”

அவர் வந்ததே அந்தக் கதிரைக்காக.

வெள்ளைக்காரனின் பங்களா, சுதந்திரத்துக்குப் பிறகு யூனியன் ஆனது. எண்பத்தேழில் அவருடைய தங்கை ஜவாஹிறா, மூன்று ஆண்பிள்ளைகளைத் தோற்கடித்துத் தலைவரானாள். மறுநாளே நாட்டுக் குழப்பத்தில் கெம்பஸை மூடினார்கள். திறந்தபோது யூனியனில் ஆமி குடியிருந்தது. அவள் கலியாணம் முடித்து வெள்ளவத்தையில் குடித்தனம் நடத்தினாள். ஆமி போன பிறகு யூனியன் உடைந்த மேசைகளின் களஞ்சியம்.

தலைவர் கதிரையில் அவள் ஒருநாளும் இருக்கவில்லை. இன்றைக்கு இருத்திவிட வேண்டும். காரணம் சொல்லாமல் கூட்டிவந்து, கேட்டடியில் லொறிக்குள் இருக்க வைத்திருந்தார்.

படிக்கட்டு விலை படியவில்லை. எழும்பிப் போனால்தான் விலை இறங்கும். லுஹர் தொழுகையைச் சாட்டிப் பள்ளிக்குப் போனார். திரும்பி வந்து படிக்கட்டை முடித்து, கதிரையைச் சும்மா கேட்பதாகத் திட்டம்.

வந்தபோது மூன்று கல்லில் கேத்தல் கொதித்தது. அடியில், கதிரையின் சித்திர முதுகு. பழைய தேக்கு, புகைகூட இல்லை.

“நீங்கதானே முதலாளி சொன்னனீங்கள்,” ஒஸ்வால்ட் ஒரு கோப்பையை நீட்டினார். “சோக்கா எரியுது.”

ஸாலிஹ் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சாமானை நேரே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கோப்பையை லொறிக்குக் கொண்டுபோனார்.

“ஒங்கட கதிரைய எரிச்சிட்டாங்க, தங்கச்சி. அதுல கொதிச்ச தேத்தண்ணி இது.”

ஜவாஹிறா வாங்கி ஒரு மிடறு குடித்தாள்.

“அது மூட்டப்பூச்சி புடிச்ச கதிரை, நானா. அடுப்புக்குத்தான் சரி.”

கோப்பை காலியாகும்வரை அவள் யூனியன் இருந்த பக்கம் திரும்பவேயில்லை.