தண்ணீரில் கண்டம்

ஐந்து மீட்டர் மேடையின் விளிம்பில் நின்ற லோகேஸ்வரன் கீழே தண்ணீரைப் பார்க்கவில்லை. பார்வையாளர் வரிசையைப் பார்த்தான்.

அங்கே அவனுடைய அம்மா நின்றுகொண்டிருந்தார்.

போச்சுடா என்று நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். லோகேஸ் பிறந்ததும் ஜாதகம் பார்த்தவர், பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம், தள்ளியே வையுங்கள் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் அம்மா புஷ்பவள்ளி ஆண்ட்டி அவனைக் குளிப்பதற்கு மட்டும்தான் தண்ணீர் பக்கம் விட்டார். பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போனாலும் அவனுக்கு மணல்தான். பட்டர்வொர்த்துக்கு ஃபெரி ஏறினால் கரை சேரும்வரை அவன் சட்டைக் காலர் ஆண்ட்டியின் பிடியில் இருக்கும்.

இப்பேர்ப்பட்ட பிள்ளை எங்கள் கல்லூரி நீச்சல் அணியில் டைவிங் வீரன். வீட்டில் செஸ் அணி என்று சொல்லி வைத்திருந்தான்.

தலை ஏன் ஈரம் என்று ஆண்ட்டி கேட்டால், செஸ் அறையில் ஏர்கான் ஒழுகுகிறது என்பான். ஏன்டா கறுத்துப் போனாய் என்றால், ரொம்ப யோசித்தால் உடம்பு சூடாகும் என்பான். பாவம், அவரும் நம்பி, மூளைச் சூடு தணிய உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்து அனுப்புவார். குளத்தில் எண்ணெய் மிதக்கிறது என்று திட்டு வாங்கியதெல்லாம் நாங்கள்.

எங்கள் அணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பருவம் முழுக்கக் கடைசி இடத்தை நாங்கள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முன்னேற்றம் என்று எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், இப்போதெல்லாம் நாங்கள் கரை சேரும்வரை மற்ற கல்லூரிக்காரர்கள் உடை மாற்றப் போகாமல் காத்திருக்கிறார்கள்.

"என்ன சாந்தினி, இன்னிக்கும் கடைசிதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் என் அப்பா சோற்றில் கை வைப்பார். எனக்கு அழுகையே வரும்.

இன்று கடைசிப் போட்டி. டைவிங்கில் மூன்றே பேர். மற்ற இருவரும் குதித்து முடித்துவிட்டார்கள். லோகேஸ் எப்படி விழுந்தாலும் வெண்கலம். படி வழியாக இறங்கினால் ஒன்றும் கிடையாது. அந்த வெண்கலம் எனக்கு வேண்டும். தலைகீழாகவோ குப்புறவோ, அவன் விழுந்தால் போதும்.

ஆனால் அந்த மடையன், கெலுகோர் விளையாட்டு வளாகத்தில் பரிசளிப்பு இருக்கிறது என்று நேற்று வீட்டில் உளறியிருக்கிறான். ஆண்ட்டி பாயான் பாரு ஃபேக்டரிக்கு லீவு போட்டு, புதுப் பஞ்சாபி சூட் உடுத்தி, இந்த வளாகத்துக்கே வந்து, வாசலில் காவலுக்கு நின்ற ஜாகாவிடம் லோகேஸ்வரன் எங்கே என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதரும் மேலே கையைக் காட்டியிருக்கிறார்.

"டேய் லோகேசு! எறங்குடா!"

நடுவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

லோகேஸ் அம்மா பிள்ளை. மறுபேச்சில்லாமல் படிப்பக்கம் திரும்பி, ஒரு காலையும் கீழே வைத்துவிட்டான். என் வெண்கலம் படியிறங்கப் பார்த்தது.

கோச் இத்ரீஸ் அண்ணன் சும்மா இருப்பாரா? இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார்.

"அம்மா சொல்றாங்கல்ல தம்பி, எறங்கு லா! தண்ணியில எறங்கு!"

லோகேஸ் அம்மாவைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். முருகா என்று கண்ணை மூடினான். தாய் சொல்லைத் தட்டாமல் குறுக்கு வழியில் இறங்கினான்.

அதை டைவ் என்று சொன்னால் பாவம் பிடிக்கும். மாடியிலிருந்து மெத்தையைத் தூக்கிப் போட்ட மாதிரி படாரென்று ஒரு சத்தம். நடுவர்களின் மேசைவரை தண்ணீர் தெறித்தது.

பிறகு அவன் மேலே வரவில்லை.

ஐயையோ, வெண்கலமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், அவன் வந்தால் போதும். உயிர்காப்பாளர் மிதவையை எடுக்கக் குனிந்த நேரத்தில் இன்னொரு சத்தம் கேட்டது.

புதுப் பஞ்சாபி சூட்டோடு ஆண்ட்டி குதித்துவிட்டார்.

அதே நேரம் அந்தப் பக்கம் லோகேஸ் தலை தூக்கினான். நெஞ்செல்லாம் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது. "ஐயோ, அம்மாவுக்கு நீந்தத் தெரியாது!" என்று அலறினான்.

நாங்கள் எல்லோரும் ஓடினோம். ஓடியவர்கள் பாதியில் நின்றோம்.

ஆண்ட்டி நீந்தி வந்துகொண்டிருந்தார். கை மாற்றிக் கை, பக்கவாட்டில் அளவான மூச்சு, சத்தமே இல்லாத உதை. இத்ரீஸ் அண்ணன் பருவம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியும் எங்களுக்கு வராத நீச்சல். வந்த வேகத்தில் மகனின் தாடையைப் பிடித்து, தான் மல்லாந்து, அவனைக் கரைக்கு இழுத்து வந்தார்.

ஒலிபெருக்கி மலாயில் மூன்றாம் இடம் என்று லோகேஸின் பெயரைச் சொன்னது. வெண்கலம்! நான் மட்டும்தான் கை தட்டினேன். மற்றவர்கள் ஆண்ட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, ஒனக்கு நீச்சல் தெரியுமா?" என்றான் லோகேஸ்.

ஆண்ட்டி அவன் காதைத் திருகிக்கொண்டிருந்த கையை எடுத்தார். ஷாலைப் பிழிந்தார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் தண்ணியிலதான்டா கண்டம். சின்ன வயசுல டைப்பிங் கிளாஸ்னு சொல்லிட்டு இங்கதான் வருவேன். பாட்டி இன்னும் நம்பிக்கிட்டு இருக்காங்க, போய் ஒளறி வச்சிடாத."