உப்புத்தண்ணீர் பாட்டில்

ஸ்கேன் அறையில் ஆளைப் படுக்கவைக்கும் முன் உப்புத்தண்ணீர் பாட்டில் ஒன்றை உள்ளே வைத்துப் பார்ப்பார்கள். எந்திரம் சரியாக இருந்தால் திரையில் கோடு தட்டையாக ஓடும். அப்புறம்தான் சத்துணவு ஆராய்ச்சிக்காகப் பட்டினி கிடந்து வந்தவர் உள்ளே போவார். பசித்த உடம்பு என்றால் கோட்டில் ஒரு மேடு எழும்.

இன்று வந்திருந்தது அந்த அறையில் வேலை பார்க்கும் உதவியாளர் அக்காவின் ஒரே தம்பி. பயந்தவனைச் சமாதானம் சொல்லிக் கூட்டிவந்ததே அவள்தான்.

பாட்டிலுக்கு மேடு எழுந்தது.

"என்னக்கா, பாட்டிலப் பட்டினி போட்டுட்டீங்களா?" டெக்னீஷியன் சிரித்தான்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு தம்பியைப் படுக்கவைத்தாள். கோடு தட்டையாக ஓடியது. டெக்னீஷியன் மறுபடி ஸ்கேன் எடுத்தான். அதே தட்டைதான். அவன் சிரிப்பு நின்றுபோனது.

அக்கா மைக்கை இழுத்தாள். "டேய், பசிக்குதாடா?"

"பசியெல்லாம் போயிடுச்சுக்கா. குளிருதுதான்."

"வெளிய எடுங்க சார்!"

பாட்டிலும் கையுமாக அவள் தம்பியிடம் ஓடினாள். கட்டில் மெல்ல நகர்ந்து வெளியே வந்தது. தூக்கிவிடச் சொல்லித் தம்பி இரண்டு கையையும் நீட்டினான். அவை உப்புத்தண்ணீரில் தோய்த்தவைபோல் சில்லென்று ஈரமாக இருந்தன. அவள் கையிலிருந்த பாட்டிலோ காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது. அதைக் கீழே வைத்தால்தான் அவனைப் பிடிக்க முடியும். வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.