மீனு சொன்ன வசனம்

கோயமுத்தூரிலிருந்து வடக்கே நிக்டி என்ற ஊருக்கு வந்து ஆறு மாதமாகியும் கிரிஜாவுக்கு இந்தி பிடிபடவில்லை. டிவியில் ஓடும் இந்தி நாடகத்துக்கு, வேலைக்குப் போகும் மகள் மீனுதான் தமிழில் வசனம் சொல்வாள்.

"டாக்டர் கதவைச் சாத்திட்டு என்ன சொல்றான்?"

"நமக்குள்ள நடந்ததை வெளியே சொன்னா, உனக்குப் பைத்தியம்னுதான் நினைப்பாங்கன்னு சொல்றார்மா."

"மனசு சரியில்லைன்னு வந்த புள்ளைகிட்டயா? பாவி. அவ வூட்ல சொல்லலாமல்ல?"

"நம்புவாங்களாம்மா?"

"பெத்தவ நம்பாம?" கிரிஜா கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சாச்சு கண்ணு. உன்ற கவுன்சலிங் டாக்டர் காத்திருப்பாரு. போன வாரமே போகமாட்டேன்னு அடம் புடிச்சே. அந்த நல்ல மனுஷனைக் காக்க வைக்காதே."

மீனு டிவியை அணைக்காமலே எழுந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

கிண்ணத்தைத் திருப்பித் தர வந்த, இந்தி தெரிந்த பக்கத்து வீட்டு எஸ்தர் டிவியைப் பார்த்தாள். "இதைத்தான் நானும் பாத்துட்டு வர்றேன். பாவம், தொலைஞ்ச அம்மாவை அண்ணனும் தங்கச்சியும் தேடுறாங்க."

"அந்த டாக்டர் அண்ணனா? கதவைச் சாத்திட்டு என்னமோ சொன்னானே?"

"டாக்டரா? அது அவ அண்ணன்தான். அழாதே, அம்மா கிடைச்சிருவாங்கன்னான்."

கிரிஜா பால்கனிக்கு ஓடினாள். மீனு ஏறிய ஆட்டோ தெருமுனை திரும்பிவிட்டிருந்தது.