கடைசி ஆளாக ரஞ்சனி

"அந்த ஜீப்புக்காரர் ரவுண்டை மாத்தச் சொல்லுங்க டீச்சர். இல்லைன்னா நாளையிலருந்து என் புள்ளைய ஸ்கூலுக்கே அனுப்ப மாட்டேன்!"

இந்துமதி கத்திய கத்தலில் ஹெட்மிஸ்ட்ரஸ் கெஸியா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் மலையில் எல்லாமே ரவுண்டுதான். ஆபீசர் காலையில் பைக்கில் போவது ரவுண்டு. ஒரு தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துவிட்டு, பன்னிரண்டு நாள் கழித்து அதே காட்டுக்குத் திரும்பி வருவது ரவுண்டு. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் ஜீப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதும் ரவுண்டு. அன்று டிரைவர் ராஜரத்தினத்துக்கு நடந்ததற்குப் பெயர் ரவுண்டு கட்டுதல். இந்துமதிக்குத் துணையாக இன்னும் இரண்டு அம்மாக்கள் வந்திருந்தார்கள்.

"முதல்ல உட்காரும்மா. என்ன பிரச்சனை?"

"ஸ்கூல்லருந்து கெளம்புனா மொதல்ல வர்றதே எங்க லயம்தான் டீச்சர். அங்க நிறுத்தாம மேல் டிவிஷன், ஃபேக்டரி, ஆஸ்பத்திரி லயம்னு ஊரெல்லாம் சுத்திட்டு, கடைசி ஆளா என் ரஞ்சனிய அஞ்சரை மணிக்கு இறக்கி விடறாரு. ரெண்டாங் கிளாஸ் புள்ள. ஒன்றரை மணி நேரம் வண்டியில குலுங்கிட்டு வருது!"

"இத்தனை நாள் சொல்லலையே நீ?"

"வேலைக்குப் போறப்ப எனக்கு எங்க தெரிஞ்சுது? கை சுளுக்கி பத்து நாள் லீவு போட்டிருக்கேன், நேத்துதான் மொத நாள். வாசல்ல நிக்கறேன், நாலு மணிக்கு ஜீப் எங்க லயத்தத் தாண்டிப் போவுது. உள்ள இருந்து என் புள்ள எனக்கே டாட்டா காட்டுது டீச்சர்!"

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம்தான்.

"மேல் டிவிஷன்ல இவருக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க. அதான் அந்தப் புள்ளைங்களுக்கு மொத மரியாதை" என்று கொளுத்திப் போட்டாள் துணைக்கு வந்த வீரம்மா.

ராஜரத்தினம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தைந்து வயது. அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை.

"அப்பிடி இல்லைங்க டீச்சர். இந்தப் புள்ள வீட்டுல வந்து..."

"காரணமெல்லாம் வேண்டாம். கிட்ட இருக்கற பிள்ளையை எதுக்குக் கடைசியில இறக்கறீங்க? இன்னிலேருந்து ரஞ்சனிதான் முதல்."

அவர் இந்துமதியை ஒரு நிமிடம் பார்த்தார்.

"சரிங்க டீச்சர். ரவுண்ட மாத்திக்கிறேன்."

அழுத பிள்ளை பால் குடிக்கும். அன்று முதல் ரஞ்சனி நாலு மணிக்கே வீட்டில். சுடச்சுட வடை சுட்டுக் கொடுத்தாள் இந்துமதி. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் கணவனுக்குப் போன் போட்டு, "நான் போய்க் கேட்டதுனாலதான் நடந்துச்சு" என்று நாலு தடவை சொன்னாள்.

லீவு முடிந்தது. திங்கட்கிழமை வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மத்தியானத்துக்கு மேல் மேல்காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, தூரத்தில் கீழே ரோட்டில் ஜீப் ஹாரன் கேட்டது. அவள் லயத்துத் திருப்பம். மணி நாலு.

இந்துமதியின் கை அப்படியே நின்றது.

சாவி இடுப்பில் இருக்கிறது. இந்நேரத்துக்கு லயத்தில் எல்லா வீட்டுக்கும் பூட்டுதான். பின்னாடி பலா மரத்துக்கு யானை வந்து போய் நாலு நாள்கூட ஆகவில்லை.

"ஐயோ, எம்புள்ள!"

கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடினாள்.

"ஏய், எங்க போற?" சூப்பர்வைசர் லிங்கசாமி கத்தினார். "ரவுண்டு ஏற்கெனவே லேட்டு, எல முத்திக் கெடக்கு. கொழுந்த எடை போடாமப் போனா அரைப் பேருதான், பாதிச் சம்பளந்தான் போடுவேன்!"

"போட்டுக்குங்க!"

குறுக்கு வழியில் விழுந்து எழுந்து ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ போய்விட்டது. பத்து நாளாக என்னென்ன பேசினோம் என்று அவளுக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. புள்ளையைத் தனியா விடறதுக்கா அத்தனை சண்டை போட்டேன்?

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலே முக்கால்.

வாசலில் ஜீப் நின்றிருந்தது. பக்கத்தில் ஜாக்கி. ராஜரத்தினம் தரையில் உட்கார்ந்து டயர் நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். மிச்சப் பிள்ளைகள் ஜீப்புக்குள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ரஞ்சனி முன் சீட்டில் கால் ஆட்டிக்கொண்டு இருந்தாள்.

இந்துமதிக்கு மூச்சு வாங்கியது. பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"என்ன தங்கச்சி, எடை போட்டு நீ வர அஞ்சரை ஆகுமே" என்றார் அவர். "இன்னைக்கு வெள்ளன வந்துட்ட?"

அவளுக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. தான் வரும் நேரத்தை இத்தனை நாளும் இவர் கணக்காக வைத்திருந்திருக்கிறார்.

"வண்டிக்கு... என்னாச்சுண்ணே?"

"ஒண்ணுமில்ல, டயரு காத்து எறங்கிருச்சு. இந்தா, முடிஞ்சுது. கெளம்பிருவேன்."

ரஞ்சனி அம்மாவின் காதருகே வந்து சொன்னாள்:

"பொய்யிம்மா! டயர் நல்லாத்தான் இருக்கு. வீடு பூட்டியிருக்குன்னு சொன்னதுலேருந்து மாமா அதையே கழட்டிக் கழட்டி மாட்டிட்டு இருக்காரு!"