செத்தவர்களுக்கு ஒரு டிரைவ்

"மிலென், நல்லாப் பார்த்துச் சொல்லு. நான் செத்துட்டேனா?"

கேட்டவர் வெல்ச்சோ. பல்கேரியாவின் லோம் ஊர் ரயில் நிலையத்தில் முப்பது வருடம் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் அவருடைய மரண அறிவிப்பு. தன் வீட்டு வாசல் கதவிலிருந்தே உரித்து எடுத்து வந்திருந்தார், பசை காயவில்லை. கறுப்புக் கட்டத்துக்குள் அவர் படம். கீழே, வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அடக்கம் என்றிருந்தது. அன்று புதன்கிழமை.

ஊரில் யார் செத்தாலும் மிலென் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் தாள் அச்சாகும். எழுதி வாங்கி டைப் செய்வது அவன் மனைவி டோன்கா. அச்சடித்து, கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவது மிலென். ஒட்டும்போது முகத்தைப் பார்க்கமாட்டான். பார்த்தால் அழுகை வரும். அழுதால் தாள் கோணிவிடும். அன்று காலையும் பார்க்கவில்லை.

வெல்ச்சோ நாற்காலியில் உட்கார்ந்தார். சதுரங்கம் ஆடும் இடத்தில் அவருடைய முக்காலியை அதற்குள் எடுத்துவிட்டார்களாம். எதிர்வீட்டுக்காரர் அவரிடமே ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துவிட்டு, அவருடைய மீன்பிடிப் படகு விலைக்கு வருமா என்று கேட்டாராம்.

"எனக்குக் கோபமில்லை தம்பி, பயம்தான். எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் தப்பா ஒட்டினாங்க. மனுஷன் ஒரு வாரம் தாங்கலை. இது மெஷின் பண்ண தப்புன்னா நான் பொழைச்சேன். இல்லேன்னா இப்பவே சொல்லிடு."

மிலென் விளக்கினான். அவனிடம் இரண்டு ஹார்ட் டிஸ்க் உண்டு. ஒன்றில் செத்தவர்கள். இன்னொன்றில் உயிரோடு இருப்பவர்கள். பிள்ளைகள் அசிங்கமான படத்தைப் போட்டுவிடுவார்கள் என்று முன்கூட்டியே படம் கொடுத்து வைத்திருக்கும் முன்யோசனைக்காரர்கள். வெல்ச்சோவும் கொடுத்திருந்தார். அச்சடிக்கும் புரோகிராம், வழக்கமாகச் செத்தவர்கள் இருக்கும் எஃப் டிரைவில் மேலே இருக்கும் ஆளை எடுத்துக்கொள்ளும். ஆனால் கம்ப்யூட்டருக்கு மட்டு மரியாதை கிடையாது. எந்த டிஸ்க்கை முதலில் சொருகினாலும் அதற்கு 'இ' என்ற ஆங்கில எழுத்து. அடுத்து வருவதற்கு 'எஃப்'.

"டோன்கா நேத்து தூசி தட்டினா. மாத்திச் சொருகியிருப்பா, அண்ணே. உயிரோட இருக்கறவங்களுக்கு செத்தவங்க எழுத்து போயிருக்கும்."

ரயில்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. வண்டி பிளாட்பாரம் மாறி வந்தால் ஏறினவன் வேறு ஊரில் போய் இறங்குவான் என்றார். ஆனாலும் தாளை விடவில்லை. பேரும் படமும் மாறியது சரி, வெள்ளிக்கிழமை இரண்டு மணி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அது படகோட்டி ரங்கேலுடையதாக இருக்கும், அவர்தான் இந்த வாரம் செத்தவர் என்றான் மிலென்.

அப்படியானால் தன் கண் முன்னாலேயே இதை நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டும் என்றார் வெல்ச்சோ. மிலென் டிஸ்க்குகளின் பட்டியலைத் திறந்தான். செத்தவர்களுக்கு 'இசட்' கொடுத்தான், உயிரோடு இருப்பவர்களுக்கு 'ஆர்'. முன்வரிசை எழுத்துகளை வழியில் போகிற பென் டிரைவெல்லாம் பிடுங்கிக்கொள்ளும், கடைசி எழுத்துக்கு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள் என்றான். இனி எஃப் அல்ல, இசட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று புரோகிராமுக்கும் சொல்லிவைத்தான்.

வெல்ச்சோ தன் கையாலேயே இரண்டு வயரையும் பிடுங்கி மாற்றிச் சொருகினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னார். மூன்று தடவை. மூன்று தடவையும் ஆர் ஆராகவே இருந்தது, இசட் இசட்டாகவே இருந்தது.

"அப்போ மெஷின்தான்."

"மெஷின்தான், அண்ணே."

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. மிலென் ராக்கியாச் சாராயம் ஊற்றிக் கொடுத்தான். செத்தவர்களுக்காகத் தரையில் இரண்டு சொட்டு விடுவது வழக்கம். வெல்ச்சோ ஒரு சொட்டும் விடாமல் குடித்தார்.

"என்னைவிட என் பொண்டாட்டி ராட்காதான் பாவம். கதவுல தாளைப் பார்த்ததும் அவ மூஞ்சி வெளுத்துப்போச்சு. போய்ச் சொல்லணும், கவலைப்படாதேன்னு" என்று எழுந்தவர், காலையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, சாப்பிட வரச் சொல்லி அவள் நாலு தடவை போன் பண்ணிவிட்டாள், இனி நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று கிளம்பினார்.

அக்காவைப் பார்க்க வீடின் நகரத்துக்குப் போயிருந்த டோன்கா மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். மிலென் சிரித்துச் சிரித்து நடந்ததைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"நான் எந்த வயரையும் தொடலையே. ரங்கேலுக்கு அடக்கம் சனிக்கிழமை. வெல்ச்சோ தாளை நான்தான் செத்தவங்க டிஸ்க்குல போட்டு வெச்சேன், உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். வெள்ளிக்கிழமை ரெண்டு மணின்னு ராட்கா அவ கையாலேயே எழுதித் திங்கட்கிழமையே குடுத்தா. வியாழக்கிழமை சாயங்காலத்துக்கு முன்னாடி மட்டும் ஒட்டிடாதீங்கன்னு மூணு தடவை சொல்லிட்டுப் போனா."