வட்டம் நின்ற நாள்

"பாருங்க, நின்னுக்கிட்டே தூங்குது!" என்று டீம் லீடர் சொன்னதும் மீட்டிங் ரூமே சிரித்தது.

சுவரில் ஓடிய வீடியோவில், ஒரு கிடங்கில் வேலை செய்யும் பெண்கள் கம்ப்யூட்டர் மேஜையில் சாய்ந்திருந்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல, பக்கத்திலிருந்தவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு, ஒரு காலை மட்டும் செருப்பிலிருந்து எடுத்து மற்றக் காலின் மேல் வைத்திருந்தாள்.

கடைசி நாற்காலியில் இருந்த புரோகிராமர் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடியிருந்தவள் அவளுடைய அம்மா.

ஆபீசில் யாருக்கும் அது தெரியாது. அந்த வீட்டிலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். அம்மாவின் வேலையைச் சொல்ல வெட்கமில்லை. சொன்னால் இவர்கள் பார்ப்பார்களே ஓர் 'ஐயோ பாவம்' பார்வை, அதைத்தான் அவளால் சகிக்க முடியாது.

"நம்ம கஸ்டமர், அந்தக் கிடங்குக்காரன், வீடியோ அனுப்பிக் கத்துறான்," என்றார் லீடர். "ஒரு ஆர்டரை எடுத்து வெச்சதும் அடுத்தது திரையில வரணும். நம்ம பேஜ் திறக்காம வட்டம் சுத்திக்கிட்டே இருக்குதாம். இதுங்களுக்கு நல்ல சாக்கு."

"சாக்கு இல்ல சார், தப்பு நம்ம மேல." அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது. "அவங்களுக்கு வேண்டியது எந்த ரேக், என்ன பொருள், எத்தனை. அவ்வளவுதான். நாம அந்தப் பொருளோட பிறந்த கதையிலேருந்து பெரிய போட்டோ வரைக்கும் மூட்டை கட்டி அனுப்புறோம். கொசுவைக் கேட்டவங்களுக்கு யானையை அனுப்பினா, வட்டம் சுத்தாம என்ன செய்யும்?"

"அம்மாடி, கோபத்தைப் பாரு! சரி, நீயே யானையைக் கொசுவாக்கு."

ஆக்கினாள். சர்வரிலிருந்து கிளம்பும் ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்தி, 'திரையில் நீ எங்கே தெரிகிறாய்?' என்று கேட்டாள். பதில் இல்லாததை எல்லாம் வெட்டினாள். போட்டோவை நகத்தளவு சுருக்கினாள். தினமும் மாறாத சமாச்சாரங்களை ஒரு தடவை அனுப்பினால் போதும், பிரவுசரே பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். மிச்சத்தையும் அமுக்கி, பெட்டியில் துணி திணிப்பதுபோலத் திணித்து அனுப்பினாள்.

லீடருக்காகவோ கஸ்டமருக்காகவோ அல்ல. "அன்னிக்கு எடுத்து வைக்க வேண்டிய ஆர்டர் கணக்கு முடியாம ஒருத்தரும் வாசலைத் தாண்ட முடியாது," என்று அம்மா வீட்டில் சொல்வாள். வட்டம் நின்றால் அந்தக் கணக்கு சீக்கிரம் முடியும். வெளிச்சம் இருக்கும்போதே அம்மா வீடு வந்து சேர்வாள். அவளிடம் மூச்சு விடவில்லை. வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

புதுப் பேஜ் கண்ணிமைக்கும் முன் திறந்தது. "இத்தனை நாள் எங்கேய்யா போயிருந்தீங்க?" என்று கஸ்டமர் போனில் குழைந்தானாம். லீடர் அவள் மேஜைக்கே வந்து கை கொடுத்தார். "கலக்கிட்டேம்மா!"

அன்று அவள் முன்னதாகவே வீட்டுக்கு ஓடி, டீ போட்டு வைத்தாள். டீ ஆறியது. சுடவைத்தாள், மறுபடி ஆறியது. தெருவிளக்கும் எரிந்துவிட்டது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழக்கமாக வாசலிலேயே, யார் மருமகள் யாரை முறைத்தாள் என்று கிடங்குக் கதை முழுவதையும் கொட்டிவிடுவாள். இன்று நேரே தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பாதம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"என்னம்மா, கம்ப்யூட்டர் இன்னிக்கும் மெதுவா?"

"மெதுவாவா? எமன் மாதிரி வந்து நிக்குதுடி. ஒண்ணை வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள அடுத்தது. சூப்பர்வைசர் வேற, 'இனிமே தினம் ரெண்டு மடங்கு'ன்னுட்டான்."

"நடுவுல எங்கயாவது கொஞ்சம் உட்கார்றது..."

"எதுல உட்கார? அங்க நாற்காலியே கிடையாது. வட்டம் ஒண்ணு சுத்தும் பாரு, அப்பத்தான் மேஜை மேல சாய்வோம். தண்ணி குடிப்போம், நாலு வார்த்தை பேசுவோம். அதையும் எவனோ பிடுங்கிட்டான்."

மகள் தைலத்தை எடுத்து வந்து, அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டாள். குதிகாலிலிருந்து மெதுவாகத் தேய்த்தாள்.

"செஞ்சவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காதும்மா," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"எப்படித் தெரியும்?" அம்மா கண்ணை மூடினாள். "அவனைப் பெத்தவ ஒரு நாளும் நின்னு வேலை பார்த்திருக்க மாட்டா!"