உடம்பு போட்ட ஹோஸ்

ரிட்டயர்டு பஸ் மெக்கானிக் ஞானதுரை, வீட்டுக் கொட்டகையில் தனக்கென்று ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருந்தார். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போக ஒரு ரப்பர் ஹோஸ் தேவைப்பட்டது. கடையிலிருந்து இரண்டு வாங்கி வந்தார். ஒன்று பளபளப்பாக இருந்தது, மற்றது மங்கலாக இருந்தது. எது நல்லது என்று கடைக்காரர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டையும் பெட்ரோல் டப்பாவில் ஒரு வாரம் ஊறப்போட்டார்.

மூன்றாம் நாளே பளபளப்புக்கு உடம்பு பூசினாற்போல் ஆகிவிட்டது. அதற்குப் பெருமை பிடிபடவில்லை.

"இந்த வீட்டுச் சாப்பாடு எனக்கு நல்லா ஒத்துக்கிச்சு. உனக்கு ஏன் உடம்புல ஒண்ணுமே ஒட்டலை?" என்று மங்கலை விசாரித்தது.

"நான் சாப்பிட வரலைங்க. பெட்ரோலை எஞ்சின்கிட்ட கொண்டுபோய்ச் சேர்க்க வந்தேன்" என்றது மங்கல்.

பிழைக்கத் தெரியாத ஜென்மம் என்று பளபளப்பு பரிதாபப்பட்டது.

ஏழாம் நாள் ஞானதுரை இரண்டுக்குள்ளும் கம்பி விட்டுப் பார்த்தார். மங்கலுக்குள் கம்பி வழுக்கிக்கொண்டு போனது. பளபளப்பு உள்ளேயும் உப்பியிருந்ததால் கம்பி பாதியிலேயே சிக்கிக்கொண்டது.

"மேலே போய் அடைச்சுக்கிட்டா, ஓரமா நிறுத்திட்டு இறங்கிப் பார்க்கவா முடியும்?" என்று முணுமுணுத்தபடி மங்கலை எஞ்சினில் மாட்டினார். பளபளப்பை, ஆடிக்கொண்டிருந்த ஸ்டூலின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு மேலே விமானம் பறந்தது.

"நீங்க போகலையா?" என்று ஸ்டூல் கேட்டது.

"என் வெயிட்டை அது எங்கே தாங்கப்போகுது?" என்றது பளபளப்பு. "பாவம், பெரியவர் உயிரோட திரும்பி வரட்டும்னு நானே விட்டுக்கொடுத்துட்டேன்."